ஐந்து கேமரா, ஒரு பெட்டி ஒயர்

பகலெல்லாம் ஒழுங்காகப் படம் காட்டிவிட்டு இருட்டியதும் அணைந்துபோகும் கேமராக்கள் நம் ஊர்களில் ஏராளம். கடைக்காரர் வந்து பார்த்து, கேமரா போய்விட்டது என்று புதிது மாட்டுவார். சில மாதத்தில் அதுவும் அதே வேலையைச் செய்யும். பெரும்பாலும் கேமராவில் கோளாறே இருக்காது. இருட்டியதும் லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு எல்இடிகள் எரியத் தொடங்கும். அதுவரை இரண்டு மூன்று வாட் இழுத்துக்கொண்டிருந்த கேமரா ஆறு ஏழு வாட் கேட்கும். 12 வோல்ட் மின்சாரம் மெல்லிசான ஒயரில் முப்பது மீட்டர் ஓடி வரும்போது வழியிலேயே பாதி மூச்சு போய்விடும். வோல்டேஜ் இறங்கிக் கேமரா அணையும். சுமை போனதால் வோல்டேஜ் ஏறும், கேமரா எழும், எல்இடி எரியும், மறுபடி அணையும். விடிய விடிய இதுதான் நடக்கும்.

பாளையங்கோட்டையில் அப்பா அம்மா இருக்கும் வீட்டின் கொல்லைப்புறக் கேமரா இந்த ரகம். கீழே ஒரு தளம், மாடியில் இரண்டு அறை, முன்னால் போர்டிகோ, பின்னால் கிணறு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் தொழுவமாக இருந்து இப்போது ஸ்கூட்டர் நிற்கும் ஷெட். முன்பு போட்டது நான்கு அனலாக் கேமரா, ஒரு டிவிஆர், 1 டிபி டிஸ்க். பிறகு விடுபட்ட மூலைகளுக்கென்று இரண்டு வைஃபை கேமராக்கள் வந்து சேர்ந்தன. இணையம், ஃபைபர்காரர் முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போன ஓஎன்டி பெட்டியிலிருந்து வருகிறது. சென்னையில் இருந்துகொண்டு நான் போனில் பார்த்தால், ஆறில் எது தெரியும், எது தெரியாது என்பது அன்றைய அதிர்ஷ்டம். மாடியில் அப்பாவின் போனில் யூடியூப் சுற்றிக்கொண்டே இருக்கும். கேமரா பிரச்சினை வேறு, நெட் பிரச்சினை வேறு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்று.

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அக்கம்பக்கத்து வீடுகளும் அந்த மூன்றுக்குள்தான் நெரிசலாக நிற்கின்றன. இரண்டு சுவர் தாண்டி ஷெட்டில் இருக்கும் கேமராவுக்குச் சிக்னல் நலிந்தால், அது வேகத்தைக் குறைத்துக்கொண்டு 6 எம்பிபிஎஸ் போன்ற அடிமட்டத்தில் பேசத் தொடங்கும். அது அனுப்புகிற காணொளி 2 எம்பிபிஎஸ்தான். ஆனால் அந்த இரண்டை ஆறு வேகத்தில் அனுப்ப, அந்தச் சேனலில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தை விழுங்கிவிடும். இழந்த பாக்கெட்டுகளை மறுபடி அனுப்புவது தனிக் கணக்கு. அப்படி இரண்டு கேமரா இருந்தால் மிச்சத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஒற்றைவழிப் பாலத்தில் முன்னால் மாட்டுவண்டி போனால் பின்னால் வருவது எந்தக் கார் என்பது பொருட்டே இல்லை. 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கினால் மாதக் கட்டணம் கூடும், வேறொன்றும் நடக்காது.

ஆகவே இந்த விமர்சனத்தில் கேமராவைவிட ஒயருக்குத்தான் இடம் அதிகம். இருபத்துநான்கு மணி நேரமும் காணொளி அனுப்பும் எதையும் வைஃபையில் விடக்கூடாது என்பது என் கட்சி. வைஃபை கேமராவை ஒயர் இல்லாத கேமரா என்று விற்பதே பாதி உண்மைதான். அதற்கும் அடாப்டரும் பிளக் பாயிண்டும் வேண்டும். ஒரு ஒயர் எப்படியும் போகத்தான் போகிறது என்றால், தரவும் மின்சாரமும் சேர்ந்து போகும் ஒயராக அது இருக்கட்டும். அதுதான் பிஓஇ.

அனலாக்கிலேயே தொடரலாம் என்ற வழியையும் சொல்லிவிட வேண்டும். சுவருக்குள் ஓடும் கோஆக்ஸ் ஒயர் நல்ல தரமாக இருந்தால், ரெக்கார்டரையும் கேமராக்களையும் மட்டும் 5 மெகாபிக்சலுக்கு மாற்றிப் பாதிச் செலவில் முடித்துவிடலாம். அனலாக் கேமராவை இணையத்தின் வழியாக யாரும் நேரடியாக உடைக்கவும் முடியாது, ஏனென்றால் அதற்குள் உடைக்க ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் ‘3+1’ கோஆக்ஸ் ஒயர் வெயிலில் உரிந்து, பிஎன்சி கனெக்டர்கள் பச்சைப் பாசி பூத்திருந்தன. அதனால் அந்தக் கதவு மூடிவிட்டது.

பிஓஇயின் நன்மையைப் புரிந்துகொள்ள எட்டாம் வகுப்பு இயற்பியல் போதும். 6 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்பினால் 0.5 ஆம்பியர். அதே 6 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் 0.125 ஆம்பியர். மின்னோட்டம் நாலில் ஒன்று. ஒயரில் வீணாகும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பதினாறில் ஒன்று. இருட்டியதும் அணையும் வியாதி இதோடு தீர்ந்தது. 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரநிலை ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தருகிறது. 2009இல் வந்த ஏடி 30 வாட். சாதாரண புல்லட் கேமராவுக்கு முதலாவதே தாராளம்.

ஒயர் வாங்கத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சென்னை ரிட்சி தெருவில் கேட்-6 என்று அச்சடித்த 305 மீட்டர் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். விலையில் ஒன்றுக்கொன்று பாதிக்குப் பாதி வித்தியாசம். மலிவானது அநேகமாக சிசிஏ, அதாவது அலுமினியத்தின்மேல் செம்பு முலாம். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். சிசிஏ கம்பிக்குக் கேட்-6 என்று பெயர் வைக்கத் தரநிலையே இடம் தரவில்லை, ஆனாலும் பெட்டியில் அச்சடிப்பதை யாரும் தடுப்பதில்லை. பிஓஇ ஓடும்போது அது சூடாகும். இரண்டு தரம் மடக்கினால் ஒடியும். சோதிப்பது எளிது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளியாகப் பளபளத்தால் அலுமினியம். இரண்டு பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே கை சொல்லிவிடும், செம்பு கனக்கும். சுரண்டிப் பார்க்க அனுமதிக்காத கடையில் வாங்காதீர்கள். கடைக்காரர் முகம் கொஞ்சம் கோணும், பரவாயில்லை.

வெளியே ஓடும் பகுதிக்குச் சாம்பல் நிற ஒயர் கூடாது. அதன் பிவிசி உறை நெல்லை வெயிலில் வெடிப்பு விடும். வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்பு பாலிஎதிலீன் உறை கொண்ட ஒயரைத் தனியாக வெட்டி வாங்கிக்கொண்டேன்.

ஒயர் இழுத்தது தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி. வந்ததும் பெட்டியைப் பார்த்து, “தம்பி, ஒயர் இழுக்குற கூலியில இன்னும் ரெண்டு கேமரா வாங்கிரலாம் பாத்துக்கிடுங்க. வைஃபையில போட்டா சோலி லேசு” என்றார். ஷெட்டுக் கேமராவின் நேரலையைப் போனில் திறந்து அவர் கையில் கொடுத்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “சரி, இழுப்பம்” என்று ஜிஐ கம்பியை எடுத்துவிட்டார்.

வீடு கட்டும்போது போட்ட பைப்புகளில் கேபிள் டிவிக்கென்று விட்ட ஒன்று மட்டும் காலியாக இருந்தது. அதில் மாடிக்கு இரண்டு ஒயர் ஏறிவிட்டன. மின்சார ஒயர் ஓடும் பைப்பிலேயே இதையும் திணித்துவிடலாம் என்ற யோசனை எல்லா வீட்டிலும் வரும். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். இரைச்சல் ஏறுவது இருக்கட்டும், எங்காவது உறை உரிந்தால் 230 வோல்ட் நேராக ரெக்கார்டருக்குள் வந்து நிற்கும். மற்றவை சன்ஷேடுக்கு அடியில் கேசிங் போட்டுப் போயின. கேமரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். ஒயர் நேராக உள்ளே நுழையாமல் ஒரு முழம் கீழே தொங்கி வளைந்து ஏறும்படி விட்டோம், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஆர்ஜே-45 கனெக்டரில் ஈரமும் 48 வோல்ட் நேர்மின்சாரமும் சேர்ந்தால் ஊசிகள் அரித்துப்போக ஒரு மழைக்காலம் போதும்.

கிரிம்பிங்கில் ஒரு சங்கதி. நம் ஊர் இன்ஸ்டாலர்கள் பலர் எட்டு இழைகளையும் தமக்குத் தோன்றிய வரிசையில் வைத்து, இரண்டு முனையிலும் ஒன்றுபோல் இருந்தால் சரி என்று நசுக்கிவிடுகிறார்கள். எட்டு விளக்கு எரியும் டெஸ்டரில் அது பாஸாகும். ஆனால் ஒயருக்குள் முறுக்கியிருக்கும் ஜோடிகள் பிரிந்துவிடுவதால் கிகாபிட் வேகம் வராது, வந்தாலும் நிலைக்காது. 568பி வரிசையை ஒரு சீட்டில் எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்தேன்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. மூன்றாவதும் ஆறாவதும் ஒரே ஜோடி, நடுவில் நீலம் புகுந்துகொள்கிறது. எல்லோரும் தடுக்கி விழுவது அங்கேதான்.

சுவிட்ச் தேர்வில் பெட்டியின் முன்பக்கத்தை நம்பக்கூடாது. எட்டு போர்ட் பிஓஇ சுவிட்ச் என்று மலிவாகக் கிடைப்பவற்றில் பல, கேமரா போர்ட்டுகளை 100 எம்பிபிஎஸ்ஸோடு நிறுத்திவிடும். கேமராவுக்கு அது போதும், ஏனென்றால் கேமராவில் இருப்பதே அநேகமாக 100 எம்பிபிஎஸ் போர்ட்தான். வைஃபை அக்சஸ் பாயிண்ட்டையும் அதிலேயே செருகினால் மாடி இணையம் 100இல் முட்டி நிற்கும். இன்னொன்று மொத்த வாட் கணக்கு. ஐந்து கேமராவுக்கு ஏழேழு வாட் வைத்தால் 35, இரண்டு அக்சஸ் பாயிண்ட்டுக்குப் பதின்மூன்று வைத்தால் 26, ஆக 61. 65 வாட் சுவிட்ச் கணக்குப்படி தாங்கும், மே மாத வெயிலில் தாங்குமா என்பது வேறு கேள்வி. எல்லாப் போர்ட்டும் கிகாபிட்டாக உள்ள 120 வாட் சுவிட்சை எடுத்தேன். விசிறி இல்லாத மாடல். ஓசை கிடையாது, தொட்டால் சுடும், சுட்டாலும் தவறில்லை. பல சுவிட்சுகளில் ‘எக்ஸ்டெண்ட்’ என்று ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும். அதைத் தள்ளினால் 100 மீட்டர் வரம்பு 250 ஆகும், ஆனால் வேகம் 10 எம்பிபிஎஸ்ஸாக விழும். தோட்ட வீட்டுக்காரர்களுக்கு வரம். மற்றவர்கள் அது அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போது கேமரா. பிராண்டு பெயர் சொல்லப்போவதில்லை. இந்த விலைக்கட்டத்தில் பெட்டியைப் பிரித்தால் ஒரே சமாச்சாரம் பல பெயர்களில் கிடைக்கிறது, மாடல் எண்ணோ நீங்கள் கடைக்குப் போவதற்குள் மாறிவிடும். பார்க்க வேண்டியவை வேறு: ஓஎன்விஎஃப் ஆதரவு, 802.3ஏஎஃப், ஐபி67, எச்.265. இதில் முதலாவது முக்கியம். 2008இல் ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய பொது மொழி அது. அது இருந்தால் நாளைக்கு வேறு நிறுவனத்தின் ரெக்கார்டரை வாங்கினாலும் கேமராவைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

கடையில் எல்லோரும் கேட்பது மெகாபிக்சல். கேட்க வேண்டியது லென்ஸ். ஒருவரின் முகத்தை இன்னார் என்று அடையாளம் காண, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்கிறது ஐஇசி 62676-4 தரநிலை. தெரிந்த ஆள்தானா என்று சொல்ல 125 போதும், யாரோ வருகிறார்கள் என்று அறிய 25. 4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2560 பிக்சல் அகலம். அதை 250ஆல் வகுத்தால் பத்தேகால் மீட்டர் அகலம் வரைதான் முகம் துலங்கும். வழக்கமாகக் கொடுக்கும் 2.8 மிமீ லென்ஸ் சுமார் 100 டிகிரி விரிந்து பார்ப்பதால், நான்கேகால் மீட்டர் தூரத்திலேயே அந்தப் பத்தேகால் மீட்டர் அகலம் தீர்ந்துவிடுகிறது. எங்கள் போர்டிகோவிலிருந்து வாசல் கேட் ஒன்பது மீட்டர். 2.8 லென்ஸில் கேட்டுக்கு வருபவர் வெறும் உருவம். 8 மெகாபிக்சலுக்குப் போனாலும் ஆறரை மீட்டர் வரைதான். சென்சார் அதே அளவாக இருந்தால் ஒவ்வொரு பிக்சலும் சிறுத்து, இரவில் படம் இன்னும் மங்கும். அதே 4 மெகாபிக்சலில் 6 மிமீ லென்ஸ் போட்டேன். பார்வை ஐம்பது டிகிரிக்குச் சுருங்கியது, கேட்டில் நிற்பவரின் மீசை தெரிந்தது. போர்டிகோவுக்குத் தனியாக ஒரு 2.8. கொல்லை, ஷெட், மாடிப்படி மூன்றுக்கும் 2.8 போதும், அங்கே யாராவது வருகிறார்களா என்பதுதான் கேள்வி.

உயரமும் கவனிக்க வேண்டியது. திருடன் கைக்கு எட்டக்கூடாது என்று பன்னிரண்டு அடியில் மாட்டிவிடுகிறார்கள், பிறகு பதிவில் தொப்பியும் உச்சந்தலையும்தான் கிடைக்கும். வாசல் கேமராவை எட்டடிக்கு இறக்கினோம். இரவில் வெள்ளைச் சுவரையோ சன்ஷேடின் அடிப்பாகத்தையோ ஓரத்தில்கூடப் பார்க்காதபடி திருப்ப வேண்டும். அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பினால் கேமரா கண் கூசி மற்றதையெல்லாம் இருட்டாக்கிவிடும். அந்த ஒளிக்கு வரும் பூச்சிக்காகச் சிலந்தி லென்ஸுக்கு முன்னாலேயே வலை கட்டும், பல்லி காத்துக்கிடக்கும். இதற்கு எந்த நிறுவனமும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. நீளக் கம்பில் ஒட்டடைத் துடைப்பம், அவ்வளவுதான்.

இரவிலும் வண்ணப்படம் என்று வெள்ளை விளக்கோடு வரும் கேமரா ஒன்றை மாடிப்படிக்குப் போட்டேன். படம் அருமை, சட்டை நிறம் வரை தெரிகிறது. ஆனால் விளக்கு ராத்திரி முழுக்க எரிவது எதிர்வீட்டுப் படுக்கையறைக்குத் தொல்லை என்பதால், மனித நடமாட்டம் இருந்தால் மட்டும் எரியும்படி மாற்றிவிட்டேன். வாசல் கேமராவில் எதிர்வீட்டுச் சன்னல் விழும் இடத்தில் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருக்கிறேன். எல்லாக் கேமராவிலும் இந்த வசதி இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. ஆறாவதாக ஹாலில் ஒன்று வைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள்: “ஹால்ல வைக்கதா இருந்தா நான் அத்தை வீட்டுல போய் இருந்துக்கிடுதேன்.” நியாயம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு அம்மா தூங்குவதைப் பார்க்கும் உரிமை எனக்கு இல்லை.

ரெக்கார்டர் எட்டு சேனல் என்விஆர். பின்னாலேயே பிஓஇ போர்ட்டுகள் உள்ள மாடலில் கேமராக்கள் வீட்டு நெட்வொர்க்கைத் தொடாமல் தனி வளையத்தில் இருக்கும், பாதுகாப்புக்கு நல்லது, அமைப்பதும் எளிது. சுவிட்சும் வேண்டாம், தலைவலியும் வேண்டாம் என்பவர்களுக்கு அதுதான் சரி. அக்சஸ் பாயிண்ட்டுக்கும் பிஓஇ தேவைப்பட்டதால் நான் சுவிட்ச் வழி போனேன். அதனால் கேமராக்களைப் பிரித்துவைக்கும் வேலை ரவுட்டரின் விலான் அமைப்பின் தலையில் விழுந்தது.

டிஸ்க் கணக்கைக் கடையில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை. ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ்ஸில் பதிவுசெய்தால் ஒரு நாளைக்கு 43.2 ஜிபி. ஐந்துக்கும் 216 ஜிபி. 4 டிபி டிஸ்க்கில் பதினெட்டு நாள் நிற்கும். எச்.265இல் வைத்து 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கினால் ஒரு மாதத்தைத் தாண்டுகிறது. கொல்லைக்கும் ஷெட்டுக்கும் அது போதும், கேட்டுக்கு மட்டும் நாலிலேயே விட்டேன். சர்வைலன்ஸ் டிஸ்க் என்று கூடுதல் விலைக்கு விற்பது ஏமாற்று என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஐந்தும் நாலிலேயே ஓடி ஒரு நாளைக்கு 216 ஜிபி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 79 டிபி எழுத்து. சாதாரண கணினி டிஸ்க் பலவற்றுக்கு ஆண்டுக்கு 55 டிபி என்றுதான் கணக்கு. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவற்றுக்கு 180. கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

மனிதர், வாகனம் என்று பிரித்தறியும் வசதிதான் பழைய டிவிஆரிலிருந்து பெரிய மாற்றம். முன்பு வேப்பங்கிளை ஆடினாலும் பூனை போனாலும் போனில் மணி அடிக்கும்; எல்லோரும் அறிவிப்பையே அணைத்துவைத்திருந்தோம். இப்போது வருவது பால்காரர், பேப்பர் பையன், எப்போதாவது கேட்டைத் திறந்து பார்க்கும் அந்நியர். செயலி மட்டும் குமட்டுகிறது. திறந்ததும் விளம்பரம், இருப்பிட அனுமதி கேட்டு நச்சரிப்பு, கிளவுட் சந்தா வாங்கச் சொல்லிப் பாதித் திரையை மறைக்கும் பட்டை. காசு கொடுத்து வாங்கிய பொருளில் இது என்ன பிழைப்பு?

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய டிவிஆர் கடிகாரம் பதினைந்து நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. திருட்டு நடந்து காவல் நிலையத்தில் பதிவைக் கொடுக்கும் நாளில் அது வழக்கறிஞர்களுக்கு அல்வா. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழும் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பும் கேட்கிறது. ரெக்கார்டர் இணையத்திலிருந்து தானாக நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் என்டிபி அமைப்பை இயக்கிவைப்பது ஒரு நிமிட வேலை.

வைஃபைக்கு வருகிறேன், அங்கே சொல்ல அதிகம் இல்லை. ஒயர் போனதும் மிச்சம் தானாகவே நடந்தது. மாடிக் கூரையில் ஒன்று, கீழ் ஹாலில் ஒன்று என வைஃபை 6 அக்சஸ் பாயிண்ட் இரண்டு, இரண்டும் ஒயரில். ஓஎன்டி பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிட்டேன். மெஷ் என்று மூன்று பெட்டி விற்கிறார்களே, அவற்றை ஒயர் இல்லாமல் வைத்தால் ஒரு பெட்டி இன்னொரு பெட்டியோடு பேசவே பாதி நேரம் போய்விடும், காங்கிரீட் தளத்தைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் ஒழுங்காகப் போகவும் போகாது. ஒயர் இருந்தால் மெஷ்ஷும் நல்லதுதான். செய்ய வேண்டியது இரண்டு: 2.4இல் ஒன்றை 1ஆம் சேனலிலும் மற்றதை 11இலும் வையுங்கள். ஒலிபரப்பு வலிமையை நடுத்தரத்துக்குக் குறையுங்கள். முழு வலிமையில் வைத்தால் போன் மாடிக்குப் போன பிறகும் கீழ்ப் பெட்டியையே பிடித்துத் தொங்கும். மாடியில் எட்டு பத்து எம்பிபிஎஸ் கிடைத்த இடத்தில் இப்போது பிளான் வேகமான 100க்குப் பக்கத்தில் வருகிறது. பிளானை மாற்றவில்லை.

பாதுகாப்பு. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் டைன் என்ற நிறுவனத்தின்மேல் நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் முடங்கின. தாக்கியவை உலகெங்கும் வீடுகளில் இருந்த கேமராக்கள், டிவிஆர்கள், ரவுட்டர்கள். மிராய் என்ற அந்த மென்பொருள் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சத்தை ஒவ்வொரு கருவியிலும் போட்டுப் பார்த்தது. நம் வீடுகளில் இன்ஸ்டாலர் வைத்துவிட்டுப் போகும் கடவுச்சொல்லும் அந்த ரகம்தான். ஒரே இன்ஸ்டாலர் தெரு முழுக்க ஒன்றையே வைத்திருப்பார், அவர் மறந்துவிடக்கூடாதே. அதை மாற்றுங்கள். ரவுட்டரில் போர்ட்டுகளைத் தானாகத் திறந்துவிடும் யுபிஎன்பி அணைந்திருக்கட்டும்.

போர்ட் திறந்து வெளியிலிருந்து பார்க்கும் பழைய முறை நம் ஊரில் இப்போது பெரும்பாலும் வேலை செய்வதும் இல்லை. பல ஃபைபர் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்கின்றன. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான். ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. கியூஆர் ஸ்கேன் செய்து நிறுவனத்தின் சர்வர் வழியாகப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. வசதி, ஆனால் உங்கள் கொல்லைப்புறத்துக்கான சாவி அவர்கள் சர்வரிலும் இருக்கும். கேமராக்களுக்கு இணையத்தையே வெட்டிவிட்டு, டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்து ரெக்கார்டரைப் பார்க்கிறேன். அப்பா போனிலும் அதுதான். முதல் வாரம் முணுமுணுத்தார், இப்போது பழகிவிட்டது.

புதிதாக வாங்குபவர்கள் பெட்டியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய மின்னணு அமைச்சகம் வகுத்த பாதுகாப்புத் தேவைகள் கட்டாயம். எஸ்டிக்யூசி சோதனை அதற்காகத்தான். திடீரென்று பாதி விலைக்கு ஒரு மாடல் கிடைத்தால், அது அந்தத் தேதிக்கு முந்தைய சரக்கா, அதற்கு இனி ஃபர்ம்வேர் அப்டேட் வருமா என்று கேளுங்கள்.

மின்சாரம் போனால்? பிஓஇயில் இது எதிர்பாராத லாபம். ஐந்து கேமரா, இரண்டு அக்சஸ் பாயிண்ட், எல்லாவற்றுக்கும் உயிர் ஒரே சுவிட்சிலிருந்துதான். அதையும் ரெக்கார்டரையும் ஓஎன்டியையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிப்பதற்குள் எல்லாப் பெட்டியும் ஒருமுறை செத்துப் பிழைக்கும். யுபிஎஸ்ஸில் வைத்தால் தெரியாது. வோல்டேஜ் அடிக்கடி இறங்கும் தெருவில் யுபிஎஸ் நிலை பேட்டரியை அதிகம் சாப்பிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி இடிக்கு, மொட்டைமாடி வழியாக வரும் ஒயர்களுக்கு மட்டும் சர்ஜ் புரொடெக்டர் போட்டு, அதன் எர்த்தை வீட்டு எர்த்தோடு சேர்த்திருக்கிறோம். எர்த் இல்லாத சர்ஜ் புரொடெக்டர் அலங்காரப் பொருள்.

செலவு மொத்தம் அறுபதாயிரத்தை ஒட்டி வந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு ஒயர், கேசிங், ஜங்ஷன் பாக்ஸ், அண்ணாச்சி கூலி. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே வாசல், கொல்லை, மாடிக் கூரை மூன்றுக்கும் காலி பைப் விட்டுவைத்தால் அந்தக் கூலியில் பாதி மிச்சம். சொந்த வீடு, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு, ஏற்கெனவே கேமரா இருந்தும் பயன்படாத வீடு: இவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். வாடகை வீட்டுக்காரர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். வாசலுக்கு மட்டும் மெமரி கார்டில் பதியும் வைஃபை கேமரா ஒன்று, ரவுட்டர் பக்கத்துச் சுவரிலேயே இருக்கும்படி. ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ். மற்ற பணத்தை அட்வான்ஸுக்கு வைத்துக்கொள்ளலாம்.